முதல் கப்பல் சுற்றுலா: போகலாமா, வேண்டாமா?

6 ஜூலை 2025, காலை (வள்ளியூர் வாசகர் எழுதியது)

கப்பலில் சுற்றுலா போவது காசைக் கடலில் கொட்டுகிற வேலை என்பது என் கருத்து. மூன்று நாள் கப்பலுக்குள்ளேயே சுற்றிவிட்டு வருவதற்கு ஆகிற பணத்தில் குடும்பத்தோடு காசி, அயோத்தி எல்லாம் பார்த்து வந்துவிடலாம். கப்பலில் என்ன பார்க்கப் போகிறோம், எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தானே? போகலாம் என்று யோசிக்கிறவர்கள் ஏன் என்று சொல்லுங்கள்.

6 ஜூலை, இரவு

அண்ணாச்சி, நான் இன்னும் போனதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக இதே பேச்சுதான், அதனால் எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் இருக்கிறோம். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து பினாங்கு போய்த் திரும்பும் கப்பலில் எங்களை ஏற்றிவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நான், இவர், என் அத்தை. அத்தை என்றால் மாமியார், எழுபத்தைந்தைத் தாண்டியவர், இரண்டு முழங்காலும் தேய்மானம்.

முதலில் கேட்டபோது எனக்கும் உங்கள் எண்ணம்தான். ஆனால் நீங்கள் காசி என்று எழுதியதைப் பார்த்ததும் எங்கள் காசிப் பயணம் ஞாபகம் வந்தது. அத்தை அந்தப் பயணத்தில் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஊருக்கு ஊர் பெட்டியைக் கட்டு, அவிழ், மறுபடி கட்டு. லிஃப்ட் இல்லாத விடுதி. படித்துறையில் இறங்க முடியாமல் மேலேயே உட்கார்ந்து, சொம்பில் கொண்டுவந்து கொடுத்த கங்கையைத் தலையில் தெளித்துக்கொண்டார். கப்பலில் ஒரு தடவை பெட்டியை அவிழ்த்தால் திரும்பி வரும்வரை அதே அறை, அதே கட்டில். எல்லாத் தளத்துக்கும் லிஃப்ட். நடக்க முடியாதவர்களுக்கு இதைவிடத் தோதான பயணம் ஒன்று இருக்கிறதா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

7 ஜூலை

பணம் பற்றி. நேற்று அதைத் தொடாமல் விட்டேன், பலரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

டவுனில் ஒரு ஏஜெண்டிடம் விலை கேட்டோம். அவர் சொன்ன தொகையைக் கேட்டு இவர் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னால், "அம்மா, அதில் துறைமுகக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, டிப்ஸ் சேர்ந்திருக்கிறதா?" என்று கேட்டான். மறுநாள் போய்க் கேட்டால் எதுவும் சேரவில்லை. நாங்களாகக் கேட்கும்வரை அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை, அங்கே மறுபடி போகவுமில்லை.

கப்பல் விலை எப்படிப் போடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டுதான் பேச்சையே தொடங்க வேண்டும். ஓர் அறையில் இரண்டு பேர் என்று வைத்து ஆளுக்கு இவ்வளவு என்பதுதான் விளம்பரத்தில் வரும் விலை. தனியாகப் போனால் கிட்டத்தட்ட இரண்டு பேர் காசு கட்ட வேண்டிவரும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆள் என்றால் பெரும்பாலும் குறைவு. துறைமுகக் கட்டணமும் வரியும் தனி. பணியாளர்களுக்கான டிப்ஸ் நம் ஊர் மாதிரி விருப்பப்பட்டால் கொடுப்பது இல்லை, ஓர் இரவுக்கு ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று அறைக் கணக்கில் தானாக ஏறிவிடும். பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று வேளையும் கட்டணத்துக்குள் வரும். தனி உணவகம், குளிர்பானம், மது, வைஃபை, கரையில் சுற்றிக்காட்டும் பஸ், எல்லாம் வெளியே. ஏஜெண்ட் வழியாக வெளிநாட்டுப் பயணத் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு வரியும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் இப்போது கையிலிருந்து போவது போவதுதான்.

ஆகவே "ஆளுக்கு எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "மூன்று பேர் ஏறி இறங்கும்வரை மொத்தம் எவ்வளவு, எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள்.

9 ஜூலை

வாந்தி வருமா என்று தென்காசித் தம்பி கேட்டிருக்கிறார். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் தலை சுற்றியவர்கள் எல்லாம் இதற்குப் பயப்படுகிறார்கள். எனக்கும் அந்தப் படகில் வயிறு புரட்டியிருக்கிறது. ஆனால் அந்தப் படகை வைத்துப் பெரிய கப்பலை அளக்கக் கூடாது. பெரிய கப்பல்களில் தண்ணீருக்குள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொள்ளும் ஸ்டெபிலைசர் தகடுகள் உண்டு, பக்கவாட்டு ஆட்டத்தை அவை வெகுவாகக் குறைக்கும். முன்பின்னாக ஏறி இறங்குவதை அவற்றால் நிறுத்த முடியாது. அந்த ஏற்ற இறக்கம் முனையிலும் வாலிலும் அதிகம், நடுவில் குறைவு. உயரப் போகப் போக ஆட்டம் கூடும். எனவே நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறையாகக் கேட்க வேண்டும்.

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, அந்தக் குழப்பத்தில் வருவதுதான் குமட்டல். மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் தணியும். மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை, முன்கூட்டியே போட வேண்டும், தூக்கமும் வரும். அத்தை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் எங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் கொடுப்பேன்.

10 ஜூலை

நேற்றையதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: எந்தக் கடல், எந்த மாதம் என்பது கப்பலைவிட முக்கியம். இப்போது குற்றாலத்தில் சாரல் அடிக்கிறதே, இதே தென்மேற்குக் காற்றில்தான் அரபிக்கடல் கொந்தளிக்கிறது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போகும் வழி மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியா. இரண்டும் அணைத்தாற்போல இருப்பதால் பெரிய அலைகள் அங்கே குறைவு.

13 ஜூலை

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நம்ம ஊர்க்காரர்களுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படிச் சொல்லாதீர்கள். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டிய மண் இது. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். அவரைச் சிறையில் அடைத்ததை எதிர்த்து 1908 மார்ச்சில் திருநெல்வேலி கொந்தளித்தது. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடி வந்து கொழும்புக் கப்பல் ஏறுவதுதான் போட் மெயில் பயணம். 1914-ல் பாம்பன் பாலம் வந்த பிறகுதான் அது தனுஷ்கோடி வழியாக மாறியது.

எங்கள் தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏறுவதைப் பற்றி எங்கள் ஆச்சி சொல்லும்போது, பஸ் ஏறிப் போனதைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார். இரண்டு தலைமுறைக்குள் நமக்குக் கடல் எப்படி இவ்வளவு தூரமாகிவிட்டது என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

2011-ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்காட்டியா பிரின்ஸ் கப்பல் விட்டார்கள். ஜூனில் தொடங்கியது. போக வேண்டும், தாத்தா கடை இருந்த தெருவைப் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தோம். அதே ஆண்டு நவம்பரில் நின்றுவிட்டது. மகன் சொல்வதை இப்போது நான் தட்டிக்கழிக்காமல் யோசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

14 ஜூலை

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் பற்றிக் கேட்டவருக்கு: 2023 அக்டோபரில் தொடங்கினார்கள், இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஆனால் அது யாழ்ப்பாணம் போய்ச் சேருவதற்கான பயணக் கப்பல், சில மணி நேரம் உட்கார்ந்து போவது. நாம் பேசுவது தங்கும் அறையோடு உள்ள சுற்றுலாக் கப்பல்.

20 ஜூலை

இவர் ஒரு யோசனை சொன்னார். வெளிநாடு எதற்கு, விசா எதற்கு, லட்சத்தீவு போகலாமே. கொச்சியிலிருந்து கப்பல். நமக்கு வண்டி வசதியும் உண்டு, பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் செங்கோட்டை, புனலூர் வழியாக எர்ணாகுளத்தில் இறங்கிவிடலாம். லட்சத்தீவு நிர்வாகம் நடத்தும் 'சமுத்ரம்' என்ற ஐந்து நாள் சுற்றுலாவில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்று தீவையும் காட்டுகிறார்கள். பகலில் தீவு, இரவில் கப்பலில் தூக்கம். இந்தியர்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், அவ்வளவுதான். கேட்கக் கேட்க எனக்கும் ஆசையாக இருந்தது. இங்கேயே முடிவாகிவிடும் போல இருந்தது.

அப்புறம் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரிடம் பேசினேன். அவர் போய் வந்தவர். தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையும் ஆழமில்லாத நீரும் இருப்பதால் கப்பல் கரைக்கு வராது, வெளியே நங்கூரம் போட்டுவிடும். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து சின்னப் படகுக்கு மாற வேண்டும். படகு அலையில் ஏறும், இறங்கும். அது மேலே வரும் அந்த நொடி பார்த்துக் காலை வைக்க வேண்டும், இரண்டு பேர் கையைப் பிடித்து இறக்குவார்கள். "எனக்கே நெஞ்சு திக்கென்றது, உன் அத்தையால் முடியாது" என்றார். தீவுகளின் அழகைப் பற்றி அவர் சொன்னதை எழுதினால் இன்னொரு பக்கம் வேண்டும். கால் திடமாக இருப்பவர்கள் அக்டோபருக்கும் மே நடுவுக்கும் இடையில் கண்டிப்பாகப் போங்கள்.

எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் திசை மாறியது அன்றைக்குத்தான். கப்பல் எவ்வளவு பெரியது, எத்தனை நீச்சல் குளம் என்பதையெல்லாம் விட்டுவிட்டேன். போகிற ஊரில் கப்பலைக் கரையோடு கட்டுவார்களா, நடுக்கடலில் நிறுத்துவார்களா? வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். புக்கெட்டுக்குப் போகும் பெரிய கப்பல்கள் பல பட்டோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டுப் படகில்தான் இறக்குகின்றன. பினாங்கில் ஜார்ஜ் டவுன் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கரையோடு கட்டுகிறார்கள். கப்பலிலிருந்து கரைக்குப் போடும் பாலத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே இறங்கலாம்.

21 ஜூலை

பணம் பற்றி 7-ஆம் தேதி எழுதியதை இன்று மறுபடி படித்தேன். எழுதிய எதையும் மாற்ற வேண்டியதில்லை, ஆனால் ஒரு பக்கத்தை மட்டும்தான் எழுதியிருக்கிறேன் என்று தோன்றுகிறது. காசிக்குப் போன கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ரயில், விடுதி, சாப்பாடு, ஆட்டோ, ஒவ்வொரு ஊரிலும் கார். தனித்தனியாகக் கொடுத்ததால் அப்போது உறைக்கவில்லை. கப்பலில் தங்குவது, சாப்பிடுவது, ஊர் விட்டு ஊர் போவது மூன்றும் ஒரே தொகைக்குள். விமானக் கட்டணத்தைச் சேர்த்தால் கப்பல்தான் கூடுதல், அதில் சந்தேகமில்லை. ஆனால் வள்ளியூர் அண்ணாச்சி சொன்ன அளவுக்கு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. சின்னப் பிள்ளைகளோடு ஐந்தாறு பேர் போகிற குடும்பம், கால் கையெல்லாம் நல்ல திடம் என்றால் அண்ணாச்சி கணக்குத்தான் சரி.

27 ஜூலை

மது, சூதாட்டம் இருக்கிற இடத்துக்கு வீட்டுப் பெண்களைக் கூட்டிப் போவதா என்று ஒரு கேள்வி. நியாயமான கேள்விதான். சூதாட்டக் கூடம் பெரும்பாலான கப்பல்களில் உண்டு, நடுக்கடலுக்குப் போன பிறகுதான் திறப்பார்கள். 2022 ஜூனில் சென்னையிலிருந்து எம்ப்ரஸ் கப்பல் கிளம்பியபோது இந்தக் காரணத்தினால்தான் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் அது ஒரு மூலையில் தனிக் கூடம், வழியில் வந்து யாரையும் இழுக்காது. அந்தப் பக்கம் போகாமலே பயணத்தை முடித்துவிடலாம் என்று போய் வந்த எல்லாரும் சொல்கிறார்கள்.

2 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு நெருங்குகிற நேரத்தில் அத்தையிடம் விஷயத்தைச் சொன்னோம். இவ்வளவு நாளும் அவரிடம் கேட்காமலே நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "நடுக்கடல்ல முங்கிட்டுன்னா என்னளா செய்ய?"

சிரிக்க முடியாது, சரியான கேள்வி. மகன் போனில் விளக்கினான். 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் உயிர்காப்புப் படகில் இடமிருந்தது. அதற்குப் பிறகு 1914-ல் நாடுகள் கூடி சோலாஸ் என்ற ஒப்பந்தம் போட்டன. இப்போது கப்பலில் இருக்கும் எல்லாருக்கும் படகிலோ மிதவையிலோ இடம் இருந்தாக வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களில் பலருக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பின் விதியை இறுக்கி, கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ எல்லாருக்கும் பயிற்சி நடக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். எந்த இடத்தில் கூட வேண்டும் என்பது அறை அட்டையிலேயே இருக்கும்.

அத்தை கேட்டுக்கொண்டார். "படகு இருக்குல்லா, அப்ப சரி. மீனைப் பாக்க முடியுமா?" என்றார். அவருக்கு ஆசை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த நேரம் அதுதான். எங்கள் மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியது.

10 ஆகஸ்ட்

காகித வேலைகள். அத்தைக்கு பாஸ்போர்ட் இல்லை. திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்தில் விண்ணப்பித்தாயிற்று. மூத்த குடிமக்களை நன்றாகவே நடத்தினார்கள். பயண நாளில் பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், பழையது வைத்திருப்பவர்கள் பாருங்கள். சிங்கப்பூருக்கு விசா வேண்டும். கப்பல் மலேசியா போய்விட்டு மறுபடி சிங்கப்பூருக்குள்தான் வரும், அதனால் ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசாவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். மலேசியாவில் 2023 டிசம்பர் முதல் நமக்கு விசா விலக்கு. இது மாறக்கூடியது, கிளம்பும் முன் மறுபடி பார்த்துக்கொள்வேன்.

கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் கட்டணம் கடுமை. நம் ஊர் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் கேட்கிற நேரத்தில் கை விரித்துவிடுவார்கள்.

17 ஆகஸ்ட்

சாப்பாடு. அத்தை சுத்த சைவம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஜென்டிங் ட்ரீம் போன்ற கப்பல்களில் இந்தியர் கூட்டம் அதிகம், இந்திய சைவச் சாப்பாடும் ஜைனச் சாப்பாடும் கிடைக்கிறது. முன்பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். சொதியும் இஞ்சிப் பச்சடியும் கிடைக்காது, தயிர்சாதம் கிடைத்தால் போதும் என்கிறார். சமைத்த சாப்பாடு, மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி கொண்டுபோக விடமாட்டார்கள்.

24 ஆகஸ்ட்

இவருக்கு இன்னும் ஒரு மனக்குறை. துறைமுகத்தில் சில மணி நேரம்தான், ஓர் ஊரைப் பார்த்ததாக எப்படிச் சொல்வது? அதில் உண்மை இருக்கிறது. ஊரை ஊறிப் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்குக் கப்பல் சரிப்படாது. அதுவும் குறித்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால் கப்பல் காத்திருக்காது. கப்பல்காரர்களே ஏற்பாடு செய்த சுற்றில் போயிருந்தால்தான் பொறுப்பு அவர்களுடையது.

ஆனால் பினாங்கில் துறையிலிருந்து குட்டி இந்தியா பக்கம்தான். குவீன் தெருவில் மகாமாரியம்மன் கோயில், 1833-ல் எழுந்தது. கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம் வணிகர்களோடு தொடர்புள்ளது. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் இருந்த ஊர் அது. என் பள்ளியில் படித்த பிள்ளைகளில் பலர் "வாப்பா பினாங்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் சில மணி நேரம் அத்தையோடு நடந்தால் எனக்குப் போதும்.

7 செப்டம்பர்

முடிவாகிவிட்டது, போகிறோம். பிப்ரவரியில், சீனப் புத்தாண்டுக் கூட்டமும் விலையும் தணிந்த பிறகு. சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு, பினாங்கில் கரையோடு கட்டும் கப்பல் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் மகன் பணம் கட்டினான். பால்கனி வேண்டாம் என்றோம், உள்ளறையும் வேண்டாம் என்றோம். ஜன்னல் இல்லாத உள்ளறையில் விடிந்ததே தெரியாது. அத்தை நாலு மணிக்கு எழுந்துவிடுகிறவர், சூரியன் வருவதைப் பார்க்காமல் காபி இறங்காது. அதனால் ஜன்னல் அறை, நடுப்பகுதி. திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூருக்கு நேராக விமானம் இருப்பதால் சென்னை அலைச்சல் இல்லை. விமானம் தாமதமானால் கப்பல் போய்விடும், ஆகவே முன்னதாகவே போய் மகன் வீட்டில் தங்கிக்கொள்கிறோம்.

இதை எல்லாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கால் முடியாது, அவரை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை, அதற்குப் பொருந்திய பயணம் இது.

9 செப்டம்பர்

சக்கர நாற்காலி கேட்கிறவர்களுக்கு: அகலக் கதவும் வாசல்படி இல்லாத குளியலறையும் உள்ள அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் கொஞ்சம்தான், முதலில் தீர்ந்துவிடும். எங்களுக்குக் கிடைத்தது. நாற்காலி நாமே கொண்டுபோவது நல்லது, கப்பலில் இருப்பது அவசரத்துக்கு மட்டும் என்கிறார்கள். வண்ணார்பேட்டையில் மடக்கு நாற்காலி ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம்.

பினாங்கு போய் வந்தவர்கள் ஒன்று சொல்லுங்கள். ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து மகாமாரியம்மன் கோயில் வரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்படி நடைபாதை இருக்கிறதா? பழைய கடைவீதி வராந்தாக்கள் கடைக்குக் கடை ஏற்ற இறக்கமாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் துறை வாசலிலேயே வண்டி பேசிக்கொள்கிறோம்.